மோசடி, பொதுநலன், சமூக நெறி: மாற்று மருத்துவப் பரப்புரை மீதான ஊடகத் தடைகள் (1900–2025)

ஆய்வுச் சுருக்கம்

யூடியூப், ஃபேஸ்புக் முதலிய இணையத் தளங்கள் மாற்று மருத்துவம் சார்ந்த பதிவுகளை 2019 முதல் பெருமளவில் நீக்கின. இந்நடவடிக்கை முன்னுதாரணம் அற்றது என்று ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே கருதுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதே வழக்கு அஞ்சலை முன்னிட்டு 1902-இலும், வானொலியை முன்னிட்டு 1931-இலும் நீதிமன்றங்களில் பேசப்பட்டுள்ளது. அவ்விரு நிகழ்வுகளையும் அண்மைய தள நீக்கங்களையும் அருகருகே வைத்து, தடைக்குரிய அளவுகோல் எவ்வாறு இடம் மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: மாற்று மருத்துவம், தணிக்கை, அஞ்சல் மோசடி ஆணை, கே.எஃப்.கே.பி. வானொலி, யூடியூப், மருத்துவப் பொய்ச்செய்தி

முன்னுரை

2020 ஏப்ரல் மாதம் சி.என்.என். தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணலில் யூடியூப் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் சூசன் வொஜிஸ்கி இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறினார். வைட்டமின் சி உட்கொண்டால் நோய் தீரும் என்பது ஒன்று. மஞ்சள் உட்கொண்டால் நோய் தீரும் என்பது மற்றொன்று. இவ்வாறு கூறும் காணொளிகள் நீக்கப்படும் என்றார். உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்கு மாறான எதுவும் தளத்தின் விதிமீறலாகும் என்றும் விளக்கினார். தமிழ் வாசகர்க்கு மஞ்சளைப் பற்றிய குறிப்பே முதலில் கண்ணில் படும். ஆயினும் ஆய்வுக்குரியது அவருடைய அடுத்த கூற்றேயாகும். ஒரு கூற்று உண்மையா பொய்யா என்பதன்று, ஒரு நிறுவனத்தின் பரிந்துரையோடு அது ஒத்துப்போகிறதா என்பதே அங்கு அளவுகோலாக வைக்கப்பட்டது. இவ்வளவுகோல் புதியது. தடை செய்யும் செயல் புதியதன்று.

அஞ்சல்: 'மோசடி' என்னும் முத்திரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் மாற்று மருத்துவத்தின் பெரும் ஊடகம் அஞ்சலாகும். மருந்துகளும் பாடங்களும் அறிவுரைகளும் கடிதவழி விற்கப்பட்டன. மோசடி என்று தமக்கு நிறைவளிக்கும் சான்று கிடைத்தால், ஒருவருக்கு வரும் அஞ்சலை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைச் சட்டம் அஞ்சல் துறைத் தலைவருக்கு அளித்திருந்தது. அவ்வாறு நிறுத்தப்பட்ட கடிதங்களின் மேல் 'மோசடி' எனும் முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவது நடைமுறை.

மிசூரி மாநிலத்தின் நெவாடா நகரில் இயங்கிய அமெரிக்கக் காந்த மருத்துவப் பள்ளிக்கு எதிராக 1900-இல் இத்தகைய ஆணை பிறந்தது. மனித மனத்தின் ஆற்றலால் நோயைக் கட்டுப்படுத்த இயலும் என்பது அப்பள்ளியின் கொள்கை. பள்ளி தொடுத்த வழக்கு 1902-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. நீதிபதி பெக்கம் எழுதிய தீர்ப்பு பள்ளிக்குச் சாதகமாக அமைந்தது. நீதிபதிகள் இருவர் உடன்படவில்லை. ஒரு சிகிச்சை பயன் தருமா என்பது கருத்து வேறுபாட்டுக்குரியது. அளந்து மெய்ப்பிக்கக்கூடிய உண்மையாக இல்லாதவரை அதனை மோசடி என்று ஓர் அலுவலர் தீர்மானித்துவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கருத்து வேறுபாட்டுக்கு எடுத்துக்காட்டாக ஹோமியோபதியையும் மின்சிகிச்சையையும் குறிப்பிட்ட நீதிமன்றம், பெரியம்மைத் தடுப்பூசியையும் அவ்வரிசையில் சேர்த்தது. பலர் அதனை நம்புகின்றனர், வேறு சிலர் பயனற்றது என்கின்றனர் என்றது.

மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1905-இல், ஜேக்கப்சன் வழக்கில் இதே நீதிமன்றம் கட்டாயத் தடுப்பூசிச் சட்டத்தைச் செல்லும் என்று உறுதிசெய்தது. அத்தீர்ப்பில் உடன்படாத இருவருள் பெக்கமும் ஒருவர். தடுப்பூசி குறித்துப் பேசும் உரிமையும் தடுப்பூசியை ஏற்க மறுக்கும் உரிமையும் வேறுவேறு என்னும் பாகுபாடு இவ்விரு தீர்ப்புகளுக்கிடையே உருவாகியுள்ளது. பிற்கால விவாதங்களில் இப்பாகுபாடு பெரிதும் மறக்கப்பட்டது.

1902-ஆம் ஆண்டுத் தீர்ப்பினைக் கருத்துரிமையின் வெற்றியாக மட்டும் வாசிப்பது பிழையாகும். 1911-இல் ஜான்சன் என்பவரின் புற்றுநோய் மருந்து தொடர்பான வழக்கில், மருந்தின் உட்பொருள் குறித்த பொய்யையே 1906-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கும், அதன் குணம் குறித்த பொய்யைத் தண்டிக்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த ஓட்டையை அடைக்க 1912-இல் நாடாளுமன்றம் ஷெர்லி திருத்தத்தை இயற்ற வேண்டியதாயிற்று. அத்திருத்தத்தின் கீழும் ஏமாற்றும் நோக்கத்தை அரசே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. புற்றுநோயாளிகள் அதற்கான விலையைக் கொடுத்தனர்.

வானொலி: பிரிங்க்லியின் கேள்விப்பெட்டி

இணையத் தளங்களுக்கு மிக நெருங்கிய முன்னோடி அஞ்சல் அன்று, வானொலியே. கான்சாஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ஜான் பிரிங்க்லி ஆண்மைக் குறைவுக்கு ஆட்டு விதைச் சுரப்பியைப் பொருத்தும் அறுவையை 1910-களின் இறுதியில் தொடங்கினார். அறுவைக்கு 750 டாலர் கட்டணம். கான்சாஸ் நகரின் 'எக்லெக்டிக்' மருத்துவக் கல்லூரி ஒன்றின் பட்டமே அவரது தகுதி. 1923-இல் கே.எஃப்.கே.பி. என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கினார். நாட்டுப்புற இசையும் வேளாண் செய்திகளும் சமயச் சொற்பொழிவுகளும் ஒலித்த அந்நிலையம், மாநிலத்தின் எல்லையைக் கடந்து பெரும் நேயர் கூட்டத்தை ஈர்த்தது.

அதன் உயிர்நாடி 'மருத்துவக் கேள்விப்பெட்டி' என்னும் நிகழ்ச்சியாகும். நாள்தோறும் மும்முறை, அரைமணி நேரம் வீதம், நேயர்களின் கடிதங்களைப் பிரிங்க்லி வாசித்து, நோயாளியைப் பாராமலே நோயைக் கணித்து, எண்ணிட்ட மருந்துக் குறிப்புகளை ஒலிபரப்பினார். தம்முடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மருந்துக் கடைகளில் அவ்வெண்ணைச் சொல்லி நேயர்கள் மருந்து வாங்கினர். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு டாலர் அவருக்குச் சென்றது. பரப்புரை, நோய்க்கணிப்பு, விற்பனை ஆகிய மூன்றும் ஒரே ஒலிவாங்கியின் முன் இணைந்த அமைப்பு இது. இன்றைய நலவாழ்வுக் காணொளி வணிகத்தின் எலும்புக்கூடு முழுவதும் இதில் உண்டு.

அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர் மோரிஸ் ஃபிஷ்பைன் அவரைப் போலி மருத்துவர் என்று தொடர்ந்து எழுதினார். 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் 1930-இல் புலனாய்வுச் செய்திகளை வெளியிட்டது. அந்நாளிதழுக்குச் சொந்தமாக டபிள்யூ.டி.ஏ.எஃப். என்னும் போட்டி வானொலி நிலையம் இருந்தது. பொறாமையே காரணம் என்று பிரிங்க்லி தம் நேயர்களிடம் முறையிட்டார். முறையீட்டில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். ஆனால், மாநில மருத்துவ வாரியத்தின் விசாரணையில் முன்வைக்கப்பட்டவை அவர் கையொப்பமிட்ட 42 இறப்புச் சான்றுகள். போட்டியாளரின் நோக்கம் எதுவாயினும் அச்சான்றுகள் பொய்யாகிவிடா. வாரியம் 1930 செப்டம்பரில் அவரது மருத்துவ உரிமத்தைப் பறித்தது.

அதற்கு முன்னரே, 1930 சூனில், கூட்டாட்சி வானொலி ஆணையம் மூவருக்கு இருவர் என்னும் வாக்கில் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. 1927-ஆம் ஆண்டு வானொலிச் சட்டம் தணிக்கை செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று வெளிப்படையாகக் கூறியிருந்தது. எனவே பிரிங்க்லியின் மேல்முறையீட்டில் கேள்வி தெளிவாக எழுந்தது: இது தணிக்கையா, அன்றா?

1931 பிப்ரவரி 2 அன்று கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்று என்றது. அலைவரிசைகள் எண்ணிக்கையில் அடங்கியவை. ஆகவே உரிமம் பெறுபவர் பொதுநலனுக்குப் பயன்பட வேண்டும். ஒலிபரப்புக்கு முன்னரே உரையைச் சோதித்துத் தடுப்பதே தணிக்கை. முடிந்துபோன ஒலிபரப்புகளை உரிமம் புதுப்பிக்கும்போது கருத்தில் கொள்வது ஆணையத்தின் கடமை. இவை நீதிமன்றத்தின் காரணங்கள். தனிமனிதர் ஒருவரின் கடிதத்துக்கு விடை சொல்வது பொது ஒலிபரப்பாகாது, அது தனியார் தொடர்பு என்னும் வாதமும் அவ்வழக்கில் இடம்பெற்றது.

இரண்டாம் காரணம் நுட்பமாகத் தோன்றினும் வலுவற்றது. நேற்றுப் பேசியதற்காக நாளை முழுவதும் பேச இயலாமற் செய்வது, ஒரே ஓர் உரையைத் தடுப்பதைவிடக் கடுமையான தடையே. இருப்பினும் அத்தீர்ப்பில் ஒன்று பாராட்டுக்குரியது. நிலையத்தின் குற்றம் மாற்று மருத்துவத்தைப் பேசியதன்று. நோயாளியைக் காணாது மருந்து எழுதியது. கருத்தைவிட நடத்தையே அங்கு எடைபோடப்பட்டது. மேலும் ஆணையத்தின் முன் விசாரணை நடந்தது. பிரிங்க்லியால் குணமடைந்ததாகக் கூறிய நோயாளிகள் சாட்சியம் அளித்தனர். காரணங்கள் எழுத்தில் தரப்பட்டன. நீதிமன்றத்துக்குச் செல்லும் வழி திறந்திருந்தது.

தடை பயனளித்ததா? 1930 நவம்பரில் கான்சாஸ் ஆளுநர் தேர்தலில் வாக்குச்சீட்டில் பெயர் அச்சிடப்படாத நிலையிலும் பிரிங்க்லி 1,83,278 வாக்குகள் பெற்றார். வென்றவர் பெற்றவை 2,17,171. அடுத்த ஆண்டே மெக்சிகோவின் வில்லா அகூன்யாவில், டெக்சாசின் டெல் ரியோ நகருக்கு எதிர்க்கரையில், எக்ஸ்.இ.ஆர். என்னும் நிலையத்தை நிறுவினார். முன்னையதைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த அதன் ஒலி அமெரிக்காவின் பெரும்பகுதியை எட்டியது. அயோவாவில் புற்றுநோய் மருந்தை விற்றுத் தம் நிலைய உரிமத்தை இழந்த நார்மன் பேக்கரும் இவ்வாறே எல்லை கடந்து நுவோ லரேடோவில் நிலையம் அமைத்தார்.

பிரிங்க்லி அமெரிக்க மண்ணில் இருந்துகொண்டே தொலைபேசிக் கம்பி வழியாக மெக்சிகோ நிலையத்தில் பேசினார். இதனைத் தடுக்க 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. உள்நாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தை அயல்நாட்டு ஒலிபரப்பியோடு இணைக்க இசைவு பெற வேண்டும் என்னும் அப்பிரிவு 'பிரிங்க்லி சட்டம்' என்றே வழங்கலாயிற்று. பேச்சை விடுத்து இணைப்பைத் தடுப்பது இதன் உத்தி. தன் விதிகளுக்குப் புறம்பான உள்ளடக்கத்துக்கு இட்டுச்செல்லும் இணைப்புகளைத் தருவதும், வேறு தளத்துக்குச் செல்லுமாறு வாய்மொழியாகக் கூறுவதும் விதிமீறல் என யூடியூப் பிற்காலத்தில் வகுத்த நெறி இதே உத்தியின் மறுபதிப்பாகும்.

பிரிங்க்லியை உண்மையில் வீழ்த்தியது வானொலித் தடையன்று. ஃபிஷ்பைன் 1938-இல் எழுதிய கட்டுரைக்காக அவரே தொடுத்த அவதூறு வழக்கு 1939-இல் தோற்றது. குறுக்கு விசாரணையில் அவரது மருத்துவம் வெளிச்சத்துக்கு வந்தது. அதன்பின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு வழக்குகளைத் தொடுத்தனர். 1941-இல் மெக்சிகோ அரசு அவரது நிலையத்தை மூடியது. 1942 மே மாதம் அவர் இறந்தார்.

இந்தியத் தொடர்பு ஒன்று

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1942-இல் வாலன்டைன் வழக்கில் முற்றிலும் வணிக விளம்பரமாக அமைந்ததற்குக் கருத்துரிமைக் காப்பு இல்லை என்றது. அத்தீர்ப்பு இந்தியாவில் எடுத்தாளப்பட்டது மாற்று மருத்துவ வழக்கிலேயே. 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தை எதிர்த்து யுனானி மருந்து நிறுவனமான ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில், 1959 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனைச் சுட்டிச் சட்டத்தின் அடிப்படையை ஏற்றது. ஆனால், தடைக்குரிய நோய்களை விதிகளின் வாயிலாகக் கூட்டிக்கொள்ள அரசுக்கு இடமளித்த சொற்றொடரை நீக்கியது. எந்நெறியின்படி நோய்கள் சேர்க்கப்படும் என்பதைச் சட்டம் கூறவில்லை என்பதே காரணம். 1963-இல் திருத்தம் வந்தது. நோய்களின் பட்டியல் சட்டத்தோடு இணைக்கப்பட்டது. இன்று அதில் 54 நோய்கள் உள்ளன. பட்டியலின் தகுதி விவாதத்துக்குரியதே. எனினும் எது தடை, எது தடையன்று என்பதை எவரும் முன்கூட்டியே படித்தறியலாம். நீட்டிப்பதற்கும் நெறி வேண்டும் என்ற அக்கோரிக்கை இணையத் தளங்களின் முன் எழுப்பப்படாமலே போயிற்று.

தளம்: பரிந்துரையே அளவுகோல்

தட்டம்மை மீண்டும் பரவிய 2019-இல் ஃபேஸ்புக் தடுப்பூசி எதிர்ப்புப் பக்கங்களின் பரவலைக் குறைப்பதாக அறிவித்தது. பெருந்தொற்று இதனை விரைவுபடுத்தியது. 2020 மே மாதம் யூடியூப் தனி விதியை வகுத்தது. 2021 செப்டம்பர் 29 அன்று அனைத்துத் தடுப்பூசிகளுக்கும் அதனை நீட்டித்தது. அதுவரை கோவிட் தடுப்பூசி தொடர்பாக 1,30,000-க்கும் மேற்பட்ட காணொளிகளை நீக்கியதாகவும் கூறியது. அன்றைய நாளில் ஜோசப் மெர்கோலா, ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் ஆகியோர் சார்ந்த அலைவரிசைகள் நீக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் புற்றுநோய்ச் சிகிச்சையும் விதிக்குள் வந்தது. பூண்டு புற்றுநோயைத் தீர்க்கும் என்பதும், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மாற்றாக வைட்டமின் சி எடுக்கலாம் என்பதும் தடைக்குரியவாயின.

இவ்விரு எடுத்துக்காட்டுகளும் ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல. பின்னது ஒரு நோயாளியைப் பயன்தரும் சிகிச்சையிலிருந்து விலக்குகிறது. இத்தகைய பேச்சால் நேரும் உயிரிழப்பு கற்பனையன்று. முன்னது பொய்யான மிகைக்கூற்று. ஃபேஸ்புக்கின் மேற்பார்வை வாரியம் தன் முதல் தீர்ப்புகளுள் ஒன்றில், 2021 சனவரி 28 அன்று, இவ்வேறுபாட்டையே வலியுறுத்தியது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசித்ரோமைசின் கூட்டு மருந்துக்கு இசைவு மறுத்த பிரெஞ்சு மருந்து ஒழுங்குமுறை அமைப்பைச் சாடிய ஒரு பதிவை ஃபேஸ்புக் நீக்கியிருந்தது. அம்மருந்துகள் பிரான்சில் மருத்துவர் சீட்டின்றிக் கிடைப்பதில்லை. பதிவும் எவரையும் அவற்றை உட்கொள்ளச் சொல்லவில்லை. அது அரசுக் கொள்கையை விமர்சித்தது. ஆகவே உடனடித் தீங்கு இல்லை என்ற வாரியம், விதிகள் தெளிவற்றுப் பல இடங்களில் சிதறிக்கிடக்கின்றன என்றும் கூறிப் பதிவை மீட்கச் செய்தது.

பரிந்துரையை அளவுகோலாக்கியதன் இடர் வேறொரு வகையில் வெளிப்பட்டது. கோவிட் காற்றுவழிப் பரவுவதன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் இறுதியில் ட்விட்டரில் அறிவித்தது. அந்நிலைப்பாடு பின்னர் மாறியது. துணி முகக்கவசத்தைப் பொதுமக்களுக்கு அந்நிறுவனம் பரிந்துரைத்தது 2020 சூன் மாதத்திலேயே. தீநுண்மி மனிதரால் உருவாக்கப்பட்டது என்னும் கூற்றை 2021 பிப்ரவரியில் தடைசெய்த ஃபேஸ்புக் அதே ஆண்டு மே மாதத்தில் அத்தடையை விலக்கிக்கொண்டது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வது அதன் இயல்பு. 1902-இல் பெக்கம் தவறான இடத்தில் சொன்ன சரியான செய்தி அது.

மெர்கோலாவின் நிலை பிரிங்க்லியின் நிலையோடு ஒப்பிடத்தக்கது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் அவருக்குப் பலமுறை எச்சரிக்கை மடல் அனுப்பியுள்ளது. தோல் பழுப்பாக்கும் கருவிகள் குறித்த பொய்க்கூற்றுகளுக்காக 2016-இல் வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் அவர் இசைந்தார். இவை அரசு, தன் பெயரில், காரணம் காட்டி எடுத்த நடவடிக்கைகள். தள நீக்கம் அவ்வாறன்று. ஏறத்தாழ 3 லட்சம் சந்தாதாரர் கொண்ட அலைவரிசை ஒரே நாளில் மறைந்தது. அவர் தொடுத்த வழக்கு 2023-இல் தள்ளுபடியாயிற்று. சேவை ஒப்பந்தமே நிறுவனத்துக்கு நீக்கும் உரிமையை அளிக்கிறது என்பது முடிவு. கென்னடி நிறுவிய அமைப்பு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கும் 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் தோற்றது. தனியார் நிறுவனத்தின் செயல் அரசின் செயலாகாது என்பது காரணம். அரசு தளங்களை மறைமுகமாக நெருக்கியது என்ற மூர்த்தி எதிர் மிசூரி வழக்கில், 2024 சூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழக்காடும் தகுதி மனுதாரர்க்கு இல்லை என்று கூறி மையக் கேள்விக்குள் புகாமல் விட்டது.

1902-இல் நீதிமன்றம் அலுவலரின் முடிவைச் சோதித்தது. 1931-இல் ஆணையத்தின் முடிவைச் சோதித்தது. 2024-இல் சோதிப்பதற்கு அரசு முடிவு எதுவும் இல்லை என்றாயிற்று. பிரிங்க்லி போன்ற ஒருவருக்குக் கிடைத்த விசாரணை, தவறாக நீக்கப்பட்ட ஓர் எளிய பதிவருக்கு இன்று இல்லை. அலைவரிசைப் பற்றாக்குறை என்னும் 1931-ஆம் ஆண்டுக் காரணமும் இணையத்துக்குப் பொருந்தாது.

யூடியூப் தன் தனிக் கோவிட் விதியை 2024 டிசம்பரில் கைவிட்டது. நீக்கப்பட்டோர் மீண்டும் வர வாய்ப்பளிப்பதாக 2025 செப்டம்பரில் அதன் தாய் நிறுவனம் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதியது. அதற்குள் கென்னடி அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலராகியிருந்தார். 2025 பிப்ரவரி 13 அன்று அவர் பதவியேற்றார். அதே ஆண்டு நவம்பரில், அவர் துறையின் கீழ் இயங்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையம், தடுப்பூசிகளுக்கும் மதியிறுக்கத்துக்கும் தொடர்பில்லை என்ற தன் நெடுநாளைய கூற்றைச் சான்றின்பாற்பட்டதன்று எனத் தன் பக்கத்தில் மாற்றி எழுதியது. உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளின் வழிகாட்டுதலுக்கோ உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலுக்கோ மாறுபடுவதே பொய்ச்செய்தி என்று யூடியூப் வகுத்த வரையறை, அவ்விரண்டும் ஒன்றையே கூறும் என்னும் எடுகோளின் மேல் நின்றது. அந்நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் 2025 சனவரி 20 அன்றே கையொப்பமிட்டிருந்தார்.